பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள்



நாற்பது வருடங்களாக ஒயர், சுவிட்ச் மொத்த வியாபாரம் செய்பவன் நான். பத்து வருடமாகக் கம்ப்யூட்டர் உதிரிப் பாகங்களும் விற்கிறேன். கை சுட்டுக்கொண்டு கற்ற பாடம் ஒன்றை நம் உறுப்பினர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வெளியூர்ச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், கேம் விளையாடும் கம்ப்யூட்டர் ஒன்றுக்குச் சாமான் எடுக்க வந்தார். கிராபிக்ஸ் கார்டு எடுத்ததும் பட்ஜெட் இடித்தது. "அண்ணாச்சி, எஸ்.எம்.பி.எஸ். மட்டும் சாதாரணமாப் போடுங்க. பெட்டிக்குள்ளே இருக்கிறதை யார் பார்க்கப் போறாங்க?" என்றார். நானும் 450 வாட் என்று அச்சிட்ட மலிவுச் சரக்கு ஒன்றைக் கொடுத்தேன்.

மூன்றாம் மாதம் புகை வந்தது. எஸ்.எம்.பி.எஸ். போனதோடு கிராபிக்ஸ் கார்டையும் கொண்டு போய்விட்டது. நஷ்டத்தை இருவரும் பாதிப் பாதியாக ஏற்றோம். அந்த ஒரு கார்டில் போன பணம், நூறு எஸ்.எம்.பி.எஸ். விற்றாலும் லாபமாக வராது.

பிறகுதான் அதன் லேபிளை உட்கார்ந்து படித்தேன். 12 வோல்ட் லைனுக்கு 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கினால் 192 வாட்தான். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் இழுப்பது இந்த லைனில். மேலே பெரிதாக அச்சிட்ட 450-ஐ நம்பி நான் ஏமாந்தேன்.

இப்போது நான் கணக்குப் போடும் முறை இது. ஐ5-12400எஃப் பிராசஸர் உச்சத்தில் 117 வாட் இழுக்கும். ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டுக்கு 170 வாட். போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாவற்றுக்கும் 60 வாட் வைத்தால் மொத்தம் சுமார் 350. கார்டு கம்பெனி சிபாரிசு செய்வது 550 வாட். கார்டு கண நேரத்துக்குத் திடீரென்று அதிகம் இழுக்கும் என்பதால் இந்த இடைவெளி தேவை. ஆர்.டி.எக்ஸ். 4070 என்றால் 650 வாட்.

அடுத்து, 80 பிளஸ் முத்திரை. உள்ளே வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே தருகிறது என்பதைக் காட்டும் முத்திரை இது. கம்ப்யூட்டருக்கு 400 வாட் தேவை என்று வையுங்கள். 80 சதவீதத் திறன் உள்ளது 500 வாட் வாங்கும். 90 சதவீதத் திறன் உள்ளது சுமார் 445 வாட் வாங்கும். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு நூறு யூனிட் மிச்சம். வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னால் விலை வித்தியாசத்துக்கு முகம் சுளிக்க மாட்டார்.

கார்டுக்கு வேண்டிய 8 பின் ஒயர் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கன்வர்டர் போட்டுச் சமாளிப்பது ஆபத்து. 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பில்லில் மாடல் நம்பரையும் வாரண்டி வருடத்தையும் தவறாமல் எழுதுங்கள். கணக்குக்குக் குறைந்த வாட்டைத்தான் வாடிக்கையாளர் கேட்கிறார் என்றால், அந்த வியாபாரம் வேண்டாம் என்று விட்டுவிடுவதே நல்லது. கார்டு எரிந்தால் அவர் நம் கடைப் பெயரைத்தான் ஊரெல்லாம் சொல்வார்.

அந்தக் கடைக்காரத் தம்பி இன்றும் என்னிடம்தான் சரக்கு எடுக்கிறார். இப்போதெல்லாம் லேபிளைப் படித்த பிறகுதான் பணத்தை எடுக்கிறார்.