வண்டி ஓட்டும் தைரியத்தை அளக்க முடியுமா?



கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி வழியாகப் பூண்டிக்குப் போகும் மலைப்பாதையை உங்களில் சிலர் அறிவீர்கள். வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் பயிராகும் அப்பகுதியிலிருந்து ஒரு பெரியவர், சர்க்கரை நோயுள்ள தம் மனைவியைத் தம் ஜீப்பிலேயே நம் மருத்துவமனைக்கு அழைத்து வருகிறார். வயது 74. "இன்னும் வண்டி ஓட்டத் தைரியம் இருக்கிறதா ஐயா?" என்று கேட்டோம். "கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேங்க" என்றார். பக்கத்திலிருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்களைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டுச் சட்டம் முதியோரைக் கவனிக்காமல் விடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 55 வயதானவர் பெறும் உரிமம் 5 ஆண்டுகளுக்கே செல்லும். 40 வயதைக் கடந்தவர் படிவம் 1ஏ-யில் மருத்துவச் சான்றும் தர வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலுள்ள வண்டியின் நம்பர் பலகை தெரிகிறதா என்று அப்படிவம் கேட்கிறது. நல்ல கேள்விதான். ஆனால் சாலையில் மேகம் இறங்குவதைப் பற்றியும், ஓட்டுபவரின் மனதைப் பற்றியும் அது கேட்பதில்லை.

மனதை அளக்கவும் வழி உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர ஆய்வாளர்கள் 2007-இல் 12 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். பக்கவாதத்துக்குப் பின் மறுபடி வண்டி ஓட்ட விரும்புவோரை மனதில் வைத்துச் செய்தது அது. "நன்றாக ஓட்டுவீர்களா?" என்று மொத்தமாகக் கேட்காமல், இரவில், நெரிசலில், பழகாத ஊரில் என்று ஒவ்வொரு நிலைமைக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். கனடாவில் 2008-இல் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு அளவுகோல்களே வந்தன. மொத்தமாகக் கேட்டால் மானம் பதில் சொல்லும். பிரித்துக் கேட்டால் அனுபவம் பதில் சொல்லும்.

அந்த முறையை நம் மலைக்கேற்ப மாற்றிப் பெரியவரிடம் கேட்டோம். ஊருக்குள் ஓட்ட 10 மார்க். பகலில் கொடைக்கானல் வர 9. எதிரே ஏறி வரும் லாரிக்கு வழிவிட, வண்டியைப் பின்னால் எடுக்க 6. மேகம் இறங்கினால் 4. இருட்டிய பிறகு? சற்று நேரம் பேசவில்லை. "ரெண்டு போட்டுக்குங்க. எதிர் லைட் அடிச்சா ஒண்ணும் தெரியறதில்லை" என்றார். "இதை ஒரு நாளும் சொல்லலையே!" என்றார்கள் அந்த அம்மா.

கண் பரிசோதனையில் இரு கண்ணிலும் புரை இருப்பது தெரிந்தது. எதிர்வெளிச்சம் கூசுவதற்கு அதுவே காரணம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. அதுவரை, பொழுது சாயுமுன் ஊர் திரும்பும்படி அம்மாவின் பரிசோதனையை நடுக்காலைக்கு மாற்றினோம். மருத்துவர் சம்மதிக்கும்வரை இரவில் வண்டியை எடுப்பதில்லை என்று அவரே சொன்னார்.

மதிப்பெண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. பார்வை மங்கியும் 10 போடுபவர் உண்டு. நன்றாக ஓட்டக்கூடியவர் ஒரு சிறு விபத்துக்குப் பின் பயந்து 2 போடுவதும் உண்டு. முன்னவருக்குக் கண்டிப்பு வேண்டும். பின்னவருக்குப் பழக்கமானவர் பக்கத்தில் அமர்ந்து தரும் பயிற்சி வேண்டும். ஆகவே கண், காது, கழுத்துத் திருப்பம், சாப்பிடும் மாத்திரைகள் யாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சாவியைப் பிடுங்குவது எளிது. ஆனால் பஸ் குறைந்த மலைக்கிராமத்தில் அந்தச் சாவிதான் ஆஸ்பத்திரியும் கடைவீதியும் ஆலயமும். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் "இனி ஓட்ட வேண்டாம்" என்று சொல்லுமுன், "எப்போது ஓட்டச் சிரமமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். கேட்டபின் பொறுமையாகக் காத்திருங்கள். எங்கள் பெரியவருக்கும் அந்தச் சற்று நேரம் தேவைப்பட்டது.