செம்பும் களிம்பும்

களியக்காவிளைச் சந்தையைக் கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை நோக்கிச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் உள்ள கிராமங்களில், 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை வகுக்கப்பட்டு இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரும், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்துதான் பேசுகின்றன. அவ்விரண்டுக்கும் பொதுவான மூன்றாவது பாஷை ஒன்று உண்டெனில் அது சங்கீதமே. 1924-ல் பாறசாலையில் பிறந்து, சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரியின் முதல் மாணவியாகப் பயின்று, திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் 2006-ல் பாடிய முதற் பெண்மணி என்ற கீர்த்தியையும் பெற்ற பொன்னம்மாளையும், தமது கம்பீரமான சாரீரத்தால் ரசிகர்களை ஆட்கொண்ட பாடகர் நெய்யாற்றின்கரை வாசுதேவனையும் ஈன்ற இப்பிரதேசத்தில், மரச்சீனி விளையின் நடுவே நிற்கும் ஓட்டு வீட்டிலும் ஒரு ஸ்டீரியோ இருப்பதில் வியப்பொன்றும் இல்லை.

பொழியூர்க் கடற்காற்று தடையின்றி வந்து சேரும் அத்தகைய ஒரு வீட்டில் வசிப்பவர், ஓய்வு பெற்ற ஆசிரியரான என் நண்பர். சென்ற மழைக்காலத்தில் அவருடைய இடப்பக்க ஸ்பீக்கர் கரகரக்கத் தொடங்கிற்று. தம்புராவின் நாதம் நூலிழை அறுபட்டதுபோல் இடையிடையே மங்கிற்று. நகரத்துக் கடையொன்றில் விசாரித்தபோது, குற்றம் கம்பியில் இருக்கிறது என்று கூறி, பாம்புபோல் தடித்துப் பட்டு நூல் பின்னிய கேபிள் ஒரு ஜோடியை 40,000 ரூபாய்க்கு அவரிடம் விற்றார்கள். அதை மாட்டிய அன்று மாலையே கரகரப்பு மறைந்து, குரல் தெளிந்து ஒலித்தது. “காசுக்கு ஏற்ற நாதம்” என்று அவர் மனம் நெகிழ்ந்து சொன்னதை நான் மறுக்கவில்லை; ஏனெனில் என் செவிக்கும் அந்தத் தெளிவு பிரத்யட்சமாகவே இருந்தது.

ஆயினும் பௌதிக சாஸ்திரத்தின் கணக்கு வேறொன்றைச் சொல்லுகிறது. மின்சாமான் கடைகளில் விற்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, ஆம்ப்ளிபயரிலிருந்து ஐந்து மீட்டர் தொலைவில் உள்ள ஸ்பீக்கருக்குப் போய்த் திரும்பும் பத்து மீட்டர் நீளத்தில் தரும் மின்தடை ஏறக்குறைய 0.08 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது நூற்றில் ஒரு பங்கு. இதனால் குறையும் ஒலியளவு 0.1 டெசிபெல்லுக்கும் கீழே. நம் செவி எளிதில் உணரும் மாற்றமோ சுமார் 1 டெசிபெல். ஆகவே, இதனினும் விலை கூடிய கம்பி மீட்டுத் தரக்கூடிய நஷ்டம் என்று ஒன்று அங்கே மிஞ்சியிருக்கவில்லை.

அதற்காகக் கம்பியே பொருட்டன்று என்பதும் தவறாகும். 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பியை இருபது மீட்டர் இழுத்து, 4 ஓம் ஸ்பீக்கரை அதன் நுனியில் கட்டினால், அதற்குச் சேர வேண்டிய சக்தியில் பாதிக்குச் சற்று மேல்தான் போய்ச் சேரும். கோயில் திருவிழாவில் தெருநெடுக ஹார்ன் கட்டும் மைக் செட்காரர் இதை நன்கு அறிவார். அதனால்தான் 100 வோல்ட் லைனில், மின்னழுத்தத்தை உயர்த்தி மின்னோட்டத்தைக் குறைத்து, தொலைவிலுள்ள ஹார்னுக்கும் ஓசையை அதிகச் சேதாரமின்றி அனுப்புகிறார்.

அமெரிக்காவில் 1983-ஆம் ஆண்டில் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ பத்திரிகை நடத்திய சோதனையிலும், மிக மெல்லிய கம்பியின் குறைதான் தென்பட்டதேயன்றி, தடித்த சாதாரணக் கம்பிக்கும் விலையுயர்ந்த கேபிளுக்கும் சங்கீதத்தில் வேற்றுமை காண இயலவில்லை. 2007-ல் மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள கேபிளைக் கண்ணால் காணாமல் செவியால் மட்டும் இனங்காண்பவருக்குப் பத்து லட்சம் டாலர் அளிப்பதாக அறிவித்தார். அந்தச் சோதனை கடைசிவரை நடைபெறவே இல்லை.

அப்படியானால் நண்பர் கேட்ட தெளிவு எங்கிருந்து வந்தது? விடை தந்தவர், ஊர்க்கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டும் அத்தகைய ஒருவர்தான். மூலையில் சுருட்டிக் கிடந்த பழைய கம்பியை எடுத்து, அதன் நுனியை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். உப்புக் காற்றும் மழை ஈரமும் சேர்ந்து செப்பு இழைகளைக் கருக்கி, அவற்றின்மேல் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. “சாரே, கம்பியில ஒண்ணும் இல்லை, மூட்டுலயாக்கும் காரியம் கெடக்கு” என்று சொல்லிக்கொண்டே, அந்த நுனியை அரை அங்குலம் நறுக்கி, உறையை உரித்து, பளபளத்த புதுச் செம்பை இறுக முறுக்கித் திருகாணியின் கீழ் பூட்டினார். அதே குரல், அதே தெளிவு!

பின்னர் நண்பரின் மகள் திரைக்குப் பின்னே நின்று, காசைச் சுண்டி, அது விழுந்தபடி கம்பிகளை மாற்றி மாற்றிப் பூட்ட, நண்பர் கண்களை மூடிக்கொண்டு 12 முறை கேட்டார். 7 முறை சரியாகச் சொன்னார். கேளாமலே யூகித்திருந்தாலும் ஏறத்தாழ அவ்வளவுதான் வந்திருக்கும்.

சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறுவர். அந்த உவமையை இங்கே நினைக்கையில் எனக்கு ஒன்று விளங்குகிறது: விலைமிக்க கேபிளை வாங்கியவர் பொய் சொல்லவில்லை, அவருடைய செவியும் பொய் சொல்லவில்லை, களிம்பு நீங்கியதால் கிட்டிய பயனை, புதிதாக வந்த பொருளின் மகிமை என்று மனம் எண்ணிக்கொண்டது. மெய்யான அநுபவத்துக்குப் பொய்யான காரணம் கற்பிக்கப்படும் இடத்தில்தான் எளிய ரசிகனின் பணம் கரைகிறது. அது என்னை மெய்யாகவே வருத்துகிறது. அந்த 40,000 ரூபாயில் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கியிருக்கலாம். சுவர்கள் எதிரொலிக்கும் கூடத்தில் கனத்த திரை தொங்கவிட்டிருக்கலாம். நவராத்திரியில் ஒன்பது நாளும் திருவனந்தபுரம் சென்று கச்சேரி கேட்டு வந்திருக்கலாம்.

நண்பர் இப்போது ஒரு நியமம் வைத்துக்கொண்டிருக்கிறார். சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள், புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கிய கையோடு, ஸ்பீக்கரின் பின்புறம் குனிந்து பழைய கம்பியின் நுனிகளை நறுக்கி, செம்பு சிவந்து தெரியும்வரை உரித்துப் பூட்டுகிறார். அதன் பின்னரே பொன்னம்மாளின் பாட்டை வைக்கிறார்.