புற்றுக்காளானும் நச்சுக்காளானும்: வன்னியில் அறுபட்டுப்போன ஓர் அறிவு

ஐப்பசியில் முதல் மழை பெய்து மண் குளிர்ந்து, இரண்டொரு நாள் இடிமுழக்கமும் கேட்டுவிட்டால் வன்னியின் காட்டோரக் கிராமங்களில் கண்கள் புற்றடிகளை நோக்கித் திரும்புவது வழக்கம். நேற்றுவரை வெறுமையாகக் கிடந்த கறையான் புற்றின் அடிவாரத்தில் இன்று காலையில் வெண்குடைகள் விரிந்து நிற்கும். வெயில் ஏறினால் அவை வாடிப் புழுப்பிடித்துவிடும் என்பதால் விடியலிலேயே பிடுங்கி வந்து, கழுவித் தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்குவர். அன்றைக்கு அவ்வீட்டில் இறைச்சியை யாரும் தேடுவதில்லை.

அதே மழைக்கு, அதே வளவில், புற்றுக்குச் சில அடி தள்ளிப் புல்தரையில் இன்னொரு வெண்குடையும் முளைக்கின்றது. பார்வைக்கு முன்னையதைவிடப் பருமனானது. அழகானது என்றும் சொல்லலாம். உண்டவரைச் சில மணித்தியாலங்களுக்குள் வைத்தியசாலைக் கட்டிலில் கிடத்தக்கூடியது. இவ்விரண்டையும் வேறுபிரித்தறியும் அறிவு முன்னர் யாரிடம் இருந்தது, இன்று யாரிடம் இருக்கின்றது என்பது வெறும் தாவரவியற் கேள்வியன்று.

அவ்வறிவு எந்த நூலிலும் எழுதப்பட்டதில்லை. பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புற்றடிக்குச் செல்லும் அம்மம்மாவின் விரல் நுனியிலேயே அது இருந்தது. "இது கறிக்கு, அது நாய்க்குடை" என்று அவர் சுட்டிக்காட்டும்போது பிள்ளை அதைப் படித்தது. இந்தச் சங்கிலி ஒரு தலைமுறை அறுந்தாலும் போதும், மீண்டும் கோப்பது கடினம். வன்னியில் அது பல தடவை அறுந்திருக்கின்றது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் போன்ற ஊர்களிலிருந்து சென்றவர்களில் பலரின் பிள்ளைகள் புத்தளத்து முகாம்களிலே பிறந்து வளர்ந்தனர். 2009க்குப் பின்னர் மீண்டு வந்த அவர்களுக்குக் காடு தாத்தாவின் கதையில் கேட்ட காடாகவே இருந்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியின் தமிழ் மக்கள் ஊர் ஊராக நகர்ந்து, இறுதியில் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம்களில் அடைபட்டனர். எத்தனையோ அம்மம்மாக்கள் திரும்பி வரவேயில்லை. இவர்களுக்கு முன்னரே, 1958, 1977 வன்செயல்களை அடுத்து மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியோர் உள்ளனர். அவர்கள் அறிந்தது ஈரவலயத் தேயிலை மலைகளின் காளான்களை. உலர்வலய வன்னியின் காளான்களை அன்று.

காளான் பற்றிய அறிவு அது கற்ற மண்ணுக்கு மட்டுமே உரியது என்பதை மறந்தவர்கள் பெரும் விலை கொடுத்திருக்கின்றார்கள். தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களிற் சிலர், தம் ஊரில் உண்ட வைக்கோற் காளான் என்று நம்பி, அங்கு ஓக் மரத்தடியில் முளைக்கும் 'மரணத் தொப்பி' எனப்படும் காளானை உண்டு ஈரல் பழுதடைந்து மாண்டனர். கனடாவின் விக்ரோரியா நகரில் 2016ஆம் ஆண்டு 3 வயதுக் குழந்தையொன்று அதே காளானால் இறந்தது. புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் பூங்காக்களில் காளான் பறிக்கும்போது இதை நினைவிற் கொள்வது நன்று. அயலில் பார்த்தால், 2022 ஏப்ரலில் இந்தியாவின் அசாம் மாநிலத்தில் காட்டுக்காளான் உண்டு 13 பேர் உயிரிழந்தனர். தேயிலைத் தோட்டப் பகுதிகளிலேயே பாதிப்பு அதிகமாயிருந்தது. பசித்தவனின் உணவாகவும் காளான் இருப்பதால் இந்த நஞ்சு ஏழை வீட்டையே முதலில் தட்டுகின்றது. தமிழ் இலக்கியத்துக்கும் இது புதிதன்று. சங்க நூல்கள் காளானை 'ஆம்பி' என்னும். புறநானூற்றிலும் சிறுபாணாற்றுப்படையிலும் அடுப்பெரியாத வீட்டின் வறுமையைக் காட்டவே அது பூத்து நிற்கின்றது.

இனி, புற்றுக்காளானின் கதைக்கு வருவோம். நாம் பறிக்கும் குடை, மண்ணுக்குள் பரந்து கிடக்கும் வெண்ணிற நூல்வலை ஒன்றின் கனி போன்றது. உண்மையான உயிரி கண்ணுக்குத் தெரியாத அந்த வலையே. புற்றுக்காளானைப் பொறுத்தவரை அவ்வலையை வளர்ப்பவர்கள் கறையான்கள். காய்ந்த மரத்தையும் சருகையும் தாமாகச் செரிக்க இயலாத இக்கறையான்கள், அவற்றை மென்று கடற்பஞ்சு போன்ற கூடுகளாக அடுக்கி, அதன்மேல் பங்கசை விதைத்துப் பயிரிட்டு, அப்பயிரையே உண்கின்றன. மனிதன் வயல் செய்யத் தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டளவே ஆகின்றது. கறையான்களின் இவ்விவசாயம் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள் பழைமையானது என்பர் ஆய்வாளர். பேராதனைத் தாவரவியற் பூங்காவில் பணியாற்றிய தோமஸ் பெட்ச் 1906ஆம் ஆண்டிலேயே இலங்கைக் கறையான் புற்றுகளின் பங்கசுக்கள் பற்றி விரிவாக எழுதினார்.

இவ்வினத்துக்கு 'ரேர்மிற்றோமைசிஸ்' என்ற பெயரை 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம் இட்டார். ஆனால் அதன் முக்கிய வகைகள் சில அறிவுலகுக்கு அறிமுகமானது இலங்கை மாதிரிகளிலிருந்தே. நீண்ட வேருடைய பெரிய வகையை 1847இலும், சில்லறை நாணயமளவேயான சிறு வகையை 1871இலும் ஆங்கிலேய அறிஞர் பெர்க்லி விபரித்தார். பின்னையதில் புரூம் என்பவரும் அவருடன் இணைந்திருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன் 1979இல் தமிழ்நாட்டிலிருந்து மற்றொரு வகையை விபரித்து, அதற்கு ஹெய்மின் பெயரையே சூட்டினார். வன்னிச் சட்டியில் கொதிக்கும் கறிக்கு இவ்வளவு நீண்ட வரலாறு உண்டு.

இதன் அடையாளம் மண்ணுக்கு மேலே பாதி, மண்ணுக்குக் கீழே பாதி. மேலே, குடையின் நடுவில் கூரிய, சற்றுக் கடினமான ஒரு முனை இருக்கும். இறுகிய புற்று மண்ணைத் துளைத்து வெளிவருவது அதனாலேயே. குடையின் அடியில் உள்ள செவுள்கள் வெண்மையாகவோ மங்கிய இளஞ்சிவப்பாகவோ இருக்கும்; அவை தண்டைத் தொடுவதில்லை. கீழே, தண்டு மண்ணுக்குள் வேர்போல மெலிந்து நீண்டு கறையானின் பஞ்சுக்கூடு வரை இறங்கும்; சில வேளைகளில் அது ஒரு முழத்தையும் தாண்டும். காளானை இழுத்து முறிப்பவர் இந்த இரண்டாம் பாதிச் சாட்சியத்தை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுகின்றார். ஆகவே புதிதாகப் படிப்பவர் காளானைப் பிடுங்கலாகாது. பக்கத்து மண்ணை அகற்றி, வேரைப் பின்தொடர்ந்து, பஞ்சுக்கூட்டைக் கண்ணாற் காண வேண்டும். முதல் நூறு தடவை அவ்வாறு கண்டவருக்கே நூற்றோராவது தடவை தோண்டாமல் அறியும் தகுதி வரும் என்பது என் கருத்து.

தோண்டுவதனால் இன்னொரு பயனும் உண்டு. கொடிய நஞ்சுடைய அமனிற்றா இனக் காளான்களின் தண்டு, மண்ணுக்குள் ஒரு முட்டையோட்டுக் கிண்ணம் போன்ற உறையிலிருந்து எழும். மண்மட்டத்தில் வெட்டினால் அந்தக் கிண்ணம் தெரியவே மாட்டாது. வைக்கோற் காளானுக்கும் இத்தகைய கிண்ணம் இருப்பதுதான் அமெரிக்காவில் மேற்கூறிய குழப்பத்தை விளைவித்தது.

புல்தரையில் முளைக்கும் அந்தப் பருமனான வெண்குடைக்கு அறிவியற் பெயர் 'குளோரோபில்லம் மொலிப்டைற்றிஸ்'. வெப்பவலய நாடுகளில் காளான் நஞ்சேற்றத்துக்கு அடிக்கடி காரணமாவது இதுவே. வெள்ளைக் குடையின்மேல் கபில நிறச் செதில்கள்; தண்டில் ஒரு வளையம்; அடிப்பகுதி சற்றுப் பருத்திருக்கும், வேர் இல்லை. வளையத்தை மட்டும் பார்த்து இதனை ஒதுக்கிவிடலாம் என்று எண்ணுவோர் ஏமாறுவர். ஏனெனில் நடராஜன் விபரித்த புற்றுக்காளானுக்கும் வளையம் உண்டு. புற்றின் அருகே நின்றது என்பதும் போதிய சான்றன்று. புற்றைச் சுற்றிப் புல் இருந்தால் இதுவும் அங்கே முளைக்கலாம். இளம் பருவத்தில் இதன் செவுள்களும் வெண்மையே. முதிர்ந்த பின்னரே பச்சை படரும்.

பச்சை என்பதே இங்கு திறவுகோல். காளானின் வித்திகள் தனித்தனியே கண்ணுக்குத் தெரியா. இலட்சக்கணக்கில் சேர்ந்தால் நிறம் தெரியும். மலர்ந்த குடையொன்றைத் தண்டிலிருந்து வெட்டி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான கடதாசியின்மேல் செவுள் கீழாக வைத்து, ஒரு கோப்பையாலோ சிரட்டையாலோ மூடி, இரவு முழுவதும் விட்டால் காலையில் செவுளின் படம் தூளாகப் பதிந்திருக்கும். புற்றுக்காளானுக்கு அது மங்கிய இளஞ்சிவப்பு, அமனிற்றாவுக்கு வெள்ளை, நாம் கூறிய நச்சுக்காளானுக்குப் பாசிப்பச்சை. பாடசாலைப் பிள்ளையும் செய்யக்கூடிய இச்சோதனைக்குச் செலவு எதுவுமில்லை; ஓர் இரவு பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவே. எனினும் வித்திநிறம் ஒன்றைக்கொண்டு எதையும் உண்ணத்தக்கது என்று முடிவுசெய்ய முடியாது. இளஞ்சிவப்பு வித்தியுடைய நச்சுக்காளான்களும் உலகில் உண்டு. ஒதுக்குவதற்கு அது உதவும்; ஏற்பதற்கு எல்லா அடையாளங்களும் ஒருங்கே பொருந்த வேண்டும்.

நாட்டுவழக்கில் உலவும் சோதனைகளைப் பற்றி வேறுவிதமாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, வெங்காயம் நிறம் மாறினால் நஞ்சு, அணில் கொறித்திருந்தால் நல்லது, மஞ்சளும் புளியும் இட்டு நன்றாக வேகவைத்தால் நஞ்சு முறியும் என்பனவெல்லாம் தவறானவை. மரணத் தொப்பி வெள்ளிக்காசைக் கறுக்கச் செய்வதில்லை. அணிலுக்கும் புழுவுக்கும் தீங்கு செய்யாதது மனிதனின் ஈரலை அழிக்கலாம். அதிலுள்ள அமாற்றொக்சின் என்னும் நஞ்சு கொதிக்கும் நீரிலும் எண்ணெய்ச் சட்டியிலும் அழிவதில்லை. மரணத் தொப்பி வன்னிக் காட்டுக்குரியதன்று என்று ஆறுதலடையவும் இயலாது. செதில் படர்ந்த சிறு லெப்பியோட்டாக் காளான்கள் சிலவற்றிலும் அதே நஞ்சு உண்டு. கைத்தொலைபேசியில் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது வந்துள்ளன. பெயரைத் தேடத் தொடங்குவதற்கு அவை நல்லவை. வேரையும் கிண்ணத்தையும் வித்தித்தூளையும் காணாத ஒரு படத்தை நம்பி அடுப்பு மூட்டுவது வெள்ளிக்காசை நம்புவதிலும் பார்க்க மேலானதன்று.

முஸ்லிம் வாசகர்களுக்குத் தனியாக ஒன்று. காளானை 'மன்னு'வுடன் சேர்த்துக் கூறி, அதன் நீர் கண்ணுக்கு மருந்தாகும் என்று உரைக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'காளான்' என்றே எழுதப்படும் அச்சொல் அரபு மூலத்தில் 'கம்ஆ' என்பதாகும். அது அரபுப் பாலைவனத்தில் மழைக்குப் பின் மண்ணுக்குள்ளேயே கிழங்குபோல உருளும் ஒரு பங்கசு. அதற்குக் குடையுமில்லை, தண்டுமில்லை. இடியோடு பிறப்பது என்று அரபிகளும் அதைக் கருதியமை நம்மவர் நம்பிக்கையோடு ஒத்துப்போவது சுவையான செய்தி. ஆனால் வளவில் முளைத்த எந்தக் குடையையும் பிழிந்து கண்ணில் விடுவதற்கு அந்நபிமொழியை ஆதாரமாகக் கொள்ள முடியாது.

நஞ்சேற்றம் நேர்ந்துவிட்டால் நேரமே முதற் செய்தி. உண்டு அரை மணியிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தி, வயிற்றோட்டம், அதிக வியர்வை, உமிழ்நீர் என்பன தொடங்கினால் பெரும்பாலும் உயிராபத்துக் குறைந்த வகை எனலாம். அதற்கும் வைத்தியசாலை அவசியமே, சிறுவருக்கும் முதியோருக்கும் சொல்லவே வேண்டியதில்லை. 6 மணித்தியாலம் கடந்து, பெரும்பாலும் 12 மணித்தியாலமளவில் வருத்தம் தொடங்குமாயின் அதுவே அஞ்சத்தக்கது. அமாற்றொக்சின் அவ்வாறே செயற்படும். முதல் நாள் கடும் வயிற்றோட்டம். இரண்டாம் நாள் சுகமானதுபோல ஒரு தோற்றம். மூன்றாம் நான்காம் நாள்களில் ஈரல் செயலிழப்பு. அந்த இடைக்காலச் சுகத்தை நம்பி வீடு திரும்பியவர்கள் பலர் இறந்திருக்கின்றார்கள். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் எதை நாடினாலும், சமைத்ததில் எஞ்சியதையும் சமைக்காத காளான் ஒன்றையும் உண்ட நேரத்தையும் கொண்டு செல்ல வேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்திடம் வைத்தியர்கள் ஆலோசனை பெறுவதற்கு அவை உதவும்.

மண்ணைத் தோண்டுமாறு எழுதிய பின்னர் வன்னியில் இன்னொன்றையும் எழுதாமல் விட முடியாது. மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத நிலத்தில், சிவப்பு எச்சரிக்கைப் பலகை உள்ள காட்டோரத்தில், எந்தக் காளானுக்காகவும் கால் வைக்கலாகாது; மண்வெட்டி போடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. புற்றில் பாம்பிருக்கும் என்பதை நம்மவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒதுக்கக் காடுகளிலிருந்து எதையும் எடுப்பதற்கு வனவளத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். சொந்த வளவும் வயல் வரம்பும் குளக்கட்டின் அயலுமே தொடங்குவதற்குப் போதுமான இடங்கள்.

இலங்கைக் காளான்களைப் பற்றி அறிஞர் பெக்ளர் எழுதிய பெருநூல் 1986இல் வெளிவந்தது. அதற்கு அடிப்படையானவை 19ஆம் நூற்றாண்டில் துவைற்ஸ் காலத்தில் சேகரித்து அல்விஸ் குடும்பத்து ஓவியர்களின் வண்ணப் படங்களோடு இங்கிலாந்துக்கு அனுப்பிய மாதிரிகளும், பின்னர் பெட்ச் சேர்த்தவையுமாகும். பெரும்பாலானவை பேராதனையையும் மலைநாட்டையும் சேர்ந்தவை. வன்னியின் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடுகளுக்குள் இவர்களது கூடைகள் அதிகம் வந்ததில்லை. எனவே ஊரில் எஞ்சியிருக்கும் ஒரு முதியவரோடு மழைக்காலத்தில் நடந்து, அவர் சொல்லும் பெயரையும், முளைத்த இடத்தையும், திகதியையும், வித்தித்தூளின் நிறத்தையும் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதிவைக்கும் மாணவர், எந்த நூலிலும் இல்லாத பதிவொன்றைச் செய்கின்றவராவார். ஐயமான காளான்களை 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ, கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்துக்கோ கொண்டுசென்று காட்டலாம். வேரோடு தோண்டி எடுத்து, பொலித்தீன் பையில் அடைக்காமல் பத்திரிகைத் தாளில் சுற்றி, பறித்த அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்; மறுநாளானால் அழுகிவிடும்.