கடலில் பிளாஸ்டிக் மட்குவதில்லை, நொறுங்குகிறது

கண்டாச்சிபுரத்தில் கடல் இல்லை. கடலுக்குப் போகும் வழி பக்கத்திலேயே இருக்கிறது. நந்தி மலையில் பிறந்து திருக்கோவிலூரைக் கடந்து வரும் தென்பெண்ணை, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு ஆறு கரைபுரண்டதே, அப்படிப்பட்ட வெள்ளம்தான் ஓடைகளில் தேங்கிய குப்பையை வாரிக்கொண்டு போகிறது.

கடலில் சேர்ந்ததும் பிளாஸ்டிக்கின் வழிகள் பிரிகின்றன. ஒரே தண்ணீர் பாட்டிலில் மூடி மிதக்கும். பாட்டில், உள்ளே நீர் புகுந்ததும் மூழ்கும். மூடி செய்யப்படும் பாலித்தீன் வகை கடல்நீரைவிட லேசானது. பாட்டிலுக்கான பெட் வகை கனமானது.

மிதப்பதை வெயில் தாக்குகிறது. புற ஊதாக் கதிர்களும் ஆக்சிஜனும் சேர்ந்து பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. மொட்டை மாடியில் வருடக்கணக்கில் கிடந்த வாளி, தூக்கும்போது கையோடு உடைந்து வருவதும் இதனால்தான். கடலில் இது மெதுவாகவே நடக்கும். நீர் குளிர்ச்சியாக இருக்கிறது. பாசியும் கொட்டலசும் ஒட்டி வளர்ந்து வெயிலை மறைக்கின்றன. அவற்றின் பாரத்தால் மிதந்த பிளாஸ்டிக்கும் மூழ்கலாம். ஆழத்தில் வெளிச்சம் இல்லை, சூடும் இல்லை. சிதைவு ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

வேகமாக நொறுங்குமிடம் கடற்கரை. சுடுமணலில் காய்ந்து மொடமொடப்பான துண்டுகளை அலையும் மணலும் அரைத்துத் தள்ளுகின்றன. 5 மில்லிமீட்டருக்கும் சிறியவை நுண்பிளாஸ்டிக். இவற்றை இரையென்று மீனும் சிப்பியும் விழுங்குகின்றன. நைலான் வலை நூலும் இப்படியே இழை இழையாக உதிர்கிறது.

நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடாதா? பெட் பிளாஸ்டிக்கை உண்ணும் பாக்டீரியா ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016இல் அறிவித்தார்கள். ஆனால் அது கிடைத்தது மறுசுழற்சி ஆலை அருகே. வேலை செய்தது ஆய்வகத்தின் இதமான சூட்டில். திறந்த கடலில் அதை நம்பியிருக்க முடியாது.

கடலில் நொறுங்கிய தூளைத் திரும்ப அள்ள வழியில்லை. முழுசாக இருக்கும்போதே பிடித்தால்தான் உண்டு. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கடைக்குப் போகும்போது மஞ்சப்பையை எடுத்துச் செல்லுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே உங்கள் ஊர் ஓடையையும் ஏரிக்கரையையும் சுத்தம் செய்யுங்கள். வங்கக் கடலைக் காக்கும் வேலை கண்டாச்சிபுரத்திலேயே தொடங்குகிறது.