கடல்மீன் தொட்டிக்கு ஏற்ற கல்

கடல்நீர்த் தொட்டியொன்றை வீட்டிலே அமைக்க முற்படுபவர் முதலில் மீனையே எண்ணுகிறார். கல்லைப் பற்றிய எண்ணம் கடைசியிலேதான் எழுகிறது. ஆயினும் மீனைக் காப்பதிற் பெரும்பங்கு அந்தக் கல்லினுடையதே. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. கல்லின்மீது குடியேறும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்ற, வேறு சில அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக்குகின்றன. கல் நுண்துளைகள் நிறைந்ததாயின், ஒட்சிசன் அருகிய அதன் உட்புறத்தில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றையும் நைதரசன் வாயுவாக மாற்றிவிடக்கூடும். ஆகவே கல்லின் வடிவழகினும் அதன் துளைகளே முதன்மையானவை. கருங்கல் நஞ்சன்று எனினும், இறுகிய அதன் உடலில் இத்தொழில் நடைபெறாது.

கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த கல் விலை மிகுந்தது. அதனால், கரையோரத்தில் வாழ்பவர் தாமே சென்று முருகைக்கல்லைப் பெயர்த்துவரத் துணிவதுண்டு. அது செலவற்ற வழியாகத் தோன்றலாம். ஆனால் அதற்கான விலையை ஊரே கொடுக்கிறது. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் செய்யப்பட்ட திருத்தம், ஆராய்ச்சிக்கன்றிக் கரையோர வலயத்தில் முருகைக்கல்லை அகற்றுதலைத் தடை செய்கிறது. இத்தடையின் காரணம் 2004 டிசெம்பர் 26ஆந் திகதி வெளிப்பட்டது. அன்றைய ஆழிப்பேரலை, முருகைப் பார் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் ஏறக்குறைய 50 மீற்றர் தூரமே உட்புகுந்தது. சில கிலோமீற்றருக்கு அப்பால், முருகைக்கல் அகழப்பட்டிருந்த பெரலியவிலோ அது ஒன்றரைக் கிலோமீற்றர் வரை சென்றதாகப் பின்னர் ஆராய்ந்தோர் பதிவு செய்தனர். புகைவண்டியொன்று பயணிகளோடு அலையுண்டதும் அவ்விடத்திலேயே. நெடுந்தீவின் பழைய முருகைக்கல் மதில்களும் தொட்டிக்காகக் குலைக்கத்தக்கவை அல்ல.

யாழ்ப்பாணக் குடாநாட்டினருக்கு வேறொரு வழி உண்டு. அந்நிலத்தின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். அதுவும் பண்டைக் கடலிலே படிந்ததே. கிணறு வெட்டும்போது கிளம்பும் கற்களுள் துளை மிகுந்தவை, எடை குறைந்தவை பல கிடைக்கும். வீட்டு வளவிற் கிடந்தவையே நல்லவை. புகையிலை, வெங்காயத் தோட்டங்களின் வரம்பிலே கிடந்தவற்றில் உரமும் பூச்சிமருந்தும் ஊறியிருக்கலாம். அவை இலவசமாகக் கிடைப்பினும் வேண்டா.

சுண்ணாம்புக்கல் நீரைக் கெடுக்கும் என்ற அச்சம் நன்னீர்த் தொட்டிக்காரருடையது. மென்மையான நன்னீரை அது கடினமாக்கும் என்பது மெய்யே. கடல்நீரோ இயல்பாகவே காரத்தன்மையுடையது. அதில் இக்கல் கரைவது மிகச் சொற்பம். கல்லின்மேல் வினாகிரி சில துளி விட்டு, நுரை எழுகிறதா எனப் பார்க்கும் வழக்கமும் உண்டு. நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல் என்பது மட்டுமே தெரியும். அதில் நஞ்சில்லை என்று அச்சோதனை உறுதி கூறாது. துருக்கறை, பச்சை நிறப் படிவு, உலோக மினுக்கம், எண்ணெய் நாற்றம் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் கல்லை விலக்குதல் வேண்டும். மீன் பொறுத்துக்கொள்ளும் சிறிதளவு செம்பும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

தெரிந்தெடுத்த கல்லைத் தூரிகையால் நன்கு தேய்த்து, வாளியிற் பல நாள் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றுதல் வேண்டும். கல்லைக் கொதிக்கவைப்பது அபாயம். ஈரக்கல் வெடிக்கலாம் என்பதொன்று; அதனினும் கொடியது வேறொன்று. கடலிலிருந்து வந்த கல்லாயின், அதில் ஒட்டியிருக்கும் பொத்தான் போன்ற மெல்லுயிர்கள் சிலவற்றிலே பலிற்றொட்சின் என்னும் கடும் நஞ்சு உண்டு. அது ஆவியோடு கலந்து, ஒரே வீட்டார் பலரை மூச்சுத்திணறலுக்கு ஆளாக்கிய நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன.

நூறு லீற்றர் நீருக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிலோக் கல் என்பது பழைய கணக்கு; துளை மிகுந்த கல்லாயின் அதனினும் குறைவாகவே போதும். கல்லை மணலின்மேல் அடுக்காது, தொட்டியின் அடித்தளத்திலேயே அசையாதபடி வைத்து, அதன்பின் மணலை இடுதல் நன்று. மணல் தோண்டும் மீன்கள் மேலிருக்கும் கல்லைச் சரித்துக் கண்ணாடியை உடைத்துவிடும். உலர்ந்த கல்லிலே பற்றீரியாக்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை, சில வேளை அதனினும் மேலாகச் செல்லும். அதுகாறும் சிறிது மீனுணவை இட்டு, நீரைச் சோதித்து வருதல் வேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் ஒருங்கே மறைந்த பின்னரே முதல் மீனை விடலாம், அதுவும் ஒன்றிரண்டாகவே.