மூணாறை உலுக்கிய தமிழ்ப் பெண்கள்!

தேனி மாவட்டம் போடியில் இருந்து மலை ஏறினால் மூணாறு. ஊர் கேரளத்தைச் சேர்ந்தது. ஆனால், அங்கே தேயிலை பறிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தலைமுறை தலைமுறையாக உழைப்பவர்கள்.

2015 செப்டம்பரில் அந்தப் பெண்கள் வேலைக்குப் போகவில்லை. ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து, ரோட்டில் உட்கார்ந்தார்கள்.

காரணம் என்ன?

ஒரு நாள் கூலி 232 ரூபாய். அந்த ஆண்டு போனஸ் 10 சதவீதம்தான் என்றது தோட்டக் கம்பெனி. தொழிலாளர்களையும் பங்குதாரர்களாகச் சேர்த்து 2005-ல் தொடங்கிய கம்பெனி அது!

"போனஸ் 20 சதவீதம் வேண்டும். கூலி 500 ரூபாய் வேண்டும்" என்றார்கள் பெண்கள்.

சங்கத்தோடும் சண்டை

தொழிற்சங்கத் தலைவர்கள் கம்பெனிப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்பது பெண்களின் குற்றச்சாட்டு. பேச வந்த தலைவர்களை விரட்டினார்கள். கட்சிக் கொடி வேண்டாம் என்றார்கள். ஆண்களையும் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். "பொம்பிளை ஒருமை" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். லிசி சன்னி, கோமதி, இந்திராணி ஆகியோர் முன்னே நின்றார்கள்.

ஒன்பதாம் நாள் வெற்றி! முதல்-மந்திரி உம்மன் சாண்டி நடத்திய பேச்சில், போனசும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது.

கூலி என்ன ஆயிற்று?

கூலியைப் பேசி முடிவு செய்வது ஒரு கமிட்டி. அதில் பழைய சங்கங்களுக்குத்தான் இடம். ரோட்டில் ஜெயித்த பெண்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. அக்டோபரில் கூலி 301 ரூபாய் ஆயிற்று. 500 வரவில்லை.

நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பெண்கள் போட்டியிட்டுச் சில இடங்களைப் பிடித்தார்கள். பிறகு தலைவிகளுக்குள் பிளவு. வேகம் தணிந்தது.

ஆனாலும், 10 சதவீதத்தை 20 ஆக்கியது அந்த ஒன்பது நாள் ஒற்றுமைதான்.