0.3 சதவீதக் கோடு

உத்தரகாண்ட் மலைக் கிராமங்களில் கஞ்சா விதையை வறுத்து அரைத்துத் துவையல் செய்வார்கள். அதில் போதையும் இல்லை, குற்றமும் இல்லை. ஆனால் அந்த விதைக்காக யாராவது அனுமதி வாங்காமல் கொல்லையில் நாலு செடி வளர்த்தால், 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இந்த விசித்திரத்துக்குக் காரணம், 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் செடியைப் பார்க்கும் விதம். பூக்கும், காய்க்கும் நுனிதான் அதன் கணக்கில் கஞ்சா. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்காது; இலையை அரைத்துச் செய்யும் பாங்கு பல மாநிலங்களில் தப்பித்திருப்பது இதனால்தான். ஆனால் பயிரிடுவது என்று வந்துவிட்டால் எந்தக் கஞ்சாச் செடியும் தடைக்குள் வந்துவிடும். ஒரு கதவை 14-ஆவது பிரிவு திறந்து வைத்திருக்கிறது: நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு அனுமதிக்கலாம். 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையும் இதே விலக்கைத் தருகிறது.

அந்தக் கதவு 33 ஆண்டுகள் ஏறக்குறைய மூடியே கிடந்தது. 2018-இல் உத்தரகாண்ட்தான் முதலில் உரிமம் வழங்கியது. நிபந்தனை: போதை தரும் டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கஞ்சாச் செடியைப் பொறுத்தவரை மத்தியச் சட்டத்தில் இப்படி ஒரு சதவீதமே கிடையாது.

பிறகு இந்த எண் எங்கிருந்து வந்தது? கனடாவின் எர்னஸ்ட் ஸ்மால், அமெரிக்காவின் ஆர்தர் குரோன்க்விஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள் 1976-இல் கஞ்சாச் செடிகளை வகைப்படுத்தக் கிழித்த கோடு அது. எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும் என்று போட்டது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. வகைப்பாட்டு வசதிக்குப் பிறந்த எண், பின்னர் பல நாடுகளில் குற்றத்தின் எல்லையாகிவிட்டது. சுவிட்சர்லாந்தோ 1 சதவீதம் வரை விடுகிறது. அங்கே சட்டத்துக்குட்பட்ட செடி, எல்லை தாண்டினால் போதைப்பொருள்!

விவசாயிக்கு இது வெறும் வேடிக்கையல்ல. இந்தக் கோட்டுக்குள் அடங்கும் கஞ்சாவான ஹெம்ப்பை 2018-இல் அனுமதித்த அமெரிக்கா, அறுவடைக்கு முன் பூநுனியை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றது. அளவு மீறினால் பயிரை அழிக்க வேண்டும், அல்லது பூவை நீக்கிச் சரிசெய்ய வேண்டும். நல்லெண்ணத்தோடு பயிரிட்டவருக்கு 1 சதவீதம் வரை அலட்சியக் குற்றச்சாட்டு வராது. ஆனால் அந்த விளைச்சல் அப்படியே சந்தைக்குப் போகாது. பூ முற்ற முற்ற டி.எச்.சி. கூடும் என்பதால், ஒரு வாரத் தாமதம்கூட நஷ்டமாக முடியலாம்.

இந்தியாவில் விற்பனைக்கு வழி பிறந்தது 2021-இல். உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதை, எண்ணெய், மாவு ஆகியவற்றை உணவாக ஏற்றது. விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமும் எண்ணெயில் 10 மில்லிகிராமும்தான் டி.எச்.சி. உச்சவரம்பு. விதைக்கும் நாருக்கும் சந்தை உண்டு. அமெரிக்காவில் பெரிய பணம் புரண்ட பூவுக்கு இங்கே அந்த வழி இல்லை.

இமயமலைச் சரிவில் தானாக முளைக்கும் செடிகளிலோ டி.எச்.சி. பெரும்பாலும் வரம்பை மீறியிருக்கும். காற்றில் பரவும் அவற்றின் மகரந்தம் உரிமம் பெற்ற வயலுக்குள்ளும் புகுந்து, எடுத்து வைக்கும் விதையைக் கெடுத்துவிடும். ஆகவே உரிமத்தைவிட அரிது, வரம்புக்குள் அடங்கும் விதை. ஹிமாச்சலப் பிரதேச அரசு 2025 ஜனவரியில் கஞ்சாப் பயிரிடல் குறித்த முன்னோட்ட ஆய்வை பாலம்பூர், நௌனி ஆகிய இடங்களிலுள்ள இரண்டு பல்கலைக்கழகங்களிடம் ஒப்படைத்தது.